கடலில் கொட்டிய தேயிலையும் நான் போட்ட டீயும்

ஆபீசில் டீ போட்டுக் கொடுக்கிறவனுக்குக் காது திறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும். எனக்கு இதில் முதல் பாதிதான் ஒழுங்காக வரும்.

தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பது வருசம் மூட்டை ஏற்றி இறக்கினவன் நான். முழங்கால் ஒத்துக்கொள்ளாமல் போனதும், ஒரு பலசரக்குக் கடை மாடியில் இருக்கிற டியூசன் சென்டரில் வந்து சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வழியாக அமெரிக்காவில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற இடம். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே விடிந்தும் விடியாத நேரம். கோழி கூவுமுன் கதவைத் திறந்து, பெருக்கி, பாலைக் காய்ச்சி வைக்க வேண்டியது என் பாடு. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. சுற்றிலும் எல்லாரும் இங்கிலீசில் பேச, நடுவில் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

சென்டரில் எல்லாரும் கணக்கு டீச்சர்கள். போன வருசம் புதிதாக வந்த செல்வராணி டீச்சர் மட்டும் சரித்திரம். இங்கே பக்கத்து ஆத்தூர்க்காரர். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். எம்.ஏ. முடித்துவிட்டு மூணு வருசம் ஜவுளிக்கடையில் பில் போட்டவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காலேஜ் தரத்தில் எழுதுகிற ஒரு அமெரிக்க சரித்திரப் பரீட்சை இருக்கிறதாம். அதற்குத்தான் அவர் பாடம். கிடைத்தது ஒரே ஒரு மாணவி, டெக்சாசில் இருக்கிற நிலா. அவள் வீட்டில் தமிழ்தான் என்பதால் வகுப்பும் பாதி தமிழில் நடக்கும். மேனேஜர் உடன்குடிப் பக்கத்துக் கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை. அவர் முதல் நாளே கடைப்பேச்சாகச் சொல்லிவிட்டார்: "சரித்திரம் நமக்குப் புதுச் சரக்கு டீச்சர். மே மாசப் பரீட்சையில இந்தப் பிள்ளை தேறட்டும். இல்லன்னா அலமாரிய மாத்திருவோம்." தேறாவிட்டால் டீச்சரம்மா திரும்பவும் ஜவுளிக்கடைக்குத்தான்.

முப்பத்தஞ்சு

நிலாவின் அம்மா எங்க பக்கத்துக்காரி. கல்யாணமாகி அங்கே போய் இருபது வருசம் ஆகியும் பேச்சு மாறவில்லை. ஒரு நாள் டீச்சர் வகுப்பில் இருந்தபோது போன் வந்தது, நான் எடுத்தேன். "அண்ணாச்சி, டீச்சர்ட்ட சொல்லுங்க. எப்படியாவது எம் மவ அஞ்சு வாங்கணும்" என்றார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. இவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டு, இவ்வளவு சின்ன ஆசையா?

"அஞ்சுதானேம்மா? கவலையே படாதீங்க. எங்க டீச்சரம்மா முப்பத்தஞ்சே வாங்க வச்சிருவாங்க. பாஸ்!" என்றேன். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, அந்தப் பரீட்சையில அஞ்சுதான் உச்சம். எம் மவ இப்ப ரெண்டுல நிக்கா."

சேவல்

கீழ்க்கடை அண்ணாச்சி மொட்டை மாடியில் ஒரு சேவல் வளர்த்தார். வகுப்பு தொடங்கினால் அதுவும் தொடங்கும். டீச்சர் ஒரு வரி சொன்னால் அது ரெண்டு வரி சொல்லும். நிலாவோ கேமராவை அணைத்துவிட்டு "ம்", "ஓகே" தவிர வாயே திறக்க மாட்டாள். இருந்த ஒரே பிள்ளையும் சேவலால் ஓடிப்போனால் பழி யாருக்கு? நானே அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, "நாளையிலிருந்து அதைக் கூடைக்குள்ள கவுத்து வச்சிருதேன்" என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் அவசரமாகச் சொன்னார்: "ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி! அது கூவும்போதுதான் எம் மவ தலைய நிமிர்த்திப் பாக்கா."

பாஸ்டன் துறைமுகம்

கார்த்திகை மாசம். அன்றைக்குப் பாடம் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டின கதை. நான் டீச்சருக்குப் பக்கத்தில் கிளாசை வைத்துக்கொண்டிருந்தேன். "முன்னூற்றுக்கு மேல் பெட்டி, எல்லாத்தையும் உடைச்சுத் தண்ணியில கொட்டிட்டாங்க" என்று டீச்சர் சொன்னதும் என்னை மீறி வாய் திறந்துவிட்டது. "அடப்பாவிகளா! கப்பல்ல வந்த சரக்கையா? நாங்க ஒரு மூட்டை நனைஞ்சாலே நாலு பேருக்குப் பதில் சொல்லணுமே!"

மைக் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. ரெண்டு மாசத்தில் நிலா சிரித்து நான் கேட்டதில்லை. "யாரு டீச்சர் அது?" என்றாள். வெளுத்துப்போய் நின்ற டீச்சர், "எங்க டீ அண்ணாச்சி" என்றார். இனி மறைத்து என்ன என்று நானும் கேட்டேன்: "வெள்ளைக்காரன் வரியக் கூட்டி டீ விலைய ஏத்திட்டானா தாயி? அதான் கொட்டினாங்களா?"

"இல்ல தாத்தா. விலை குறைஞ்சுது. ஆனா எங்களைக் கேக்காம போட்ட வரி அப்படியே இருந்துது."

"விலை குறைஞ்சதுக்கு எவனாவது கொட்டுவானா? அங்கன வேற டீ வித்துக்கிட்டிருந்தவன் எவனும் உண்டுமா?"

கொஞ்ச நேரம் தாள் புரட்டுகிற சத்தம். திரையில் முதல் தடவையாக அவள் முகம் தெரிந்தது, கண்ணாடி போட்ட, தலை கலைந்த ஒரு பிள்ளை. "ஆமா தாத்தா! திருட்டுத்தனமா டீ கொண்டுவந்து வித்தவங்க இருந்தாங்க. அவங்களுக்கும் நஷ்டம், இங்கிலாந்துக் கம்பெனியே நேரா வித்ததால கடைக்காரங்களுக்கும் நஷ்டம். காரணம் ஒண்ணு இல்ல, மூணு!" என்று கடகடவென்று எனக்கு விளக்க ஆரம்பித்தாள். வகுப்பு நேரம் முடிந்தும் நிறுத்தவில்லை. போகும்போது சொன்னாள்: "தாத்தா, நாளைக்கும் வாங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாததுதான் எனக்கு நல்லா இருக்கு."

கெட்டில்

அதிலிருந்து வகுப்பின் கடைசிப் பத்து நிமிசம் எனக்கு ஸ்டூல். அன்றைய பாடத்தை நிலா எனக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் புரியாவிட்டால் டீச்சர் அவளைத் திரும்பப் படிக்கச் சொல்லுவார். பிப்ரவரியில் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார். நிலாவிடம் ஒரு வழக்கம் உண்டு: ஒவ்வொரு வரி எழுதியதும் "டீச்சர், சரியா?" என்று கேட்பாள். அன்றைக்குக் கரண்ட் இல்லை, இன்வர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கேஸ் தீர்ந்துவிட்டதே என்று நான் கரண்ட் கெட்டிலை அதே லைனில் சொருகினேன். டப்! விளக்கு, கம்ப்யூட்டர், நெட் எல்லாம் போயிற்று. டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் ஜவுளிக்கடை தெரிந்தது.

எல்லாம் திரும்ப வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிள்ளை கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள் என்று பயந்தோம். அவளோ கேட்க ஆளில்லாமல் தானே முழுக்கட்டுரையையும் எழுதி முடித்திருந்தாள். டீச்சர் திருத்திவிட்டு, "மூணு!" என்று கத்தினார். நான் கெட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மேனேஜர் மட்டும் விடவில்லை: "அண்ணாச்சி, பாஸ்டன்லயும் டீயாலதான் கலவரம் ஆச்சாம். நம்ம சென்டரையாவது விட்டு வையுங்க."

வெற்றிலைக் கட்டு

மூணுக்கு மேல் நகரவில்லை. மே மாசப் பரீட்சையில் அந்தக் காலத்துத் தாள்கள் ஏழு கொடுப்பார்களாம். கடிதம், படம், பேச்சு என்று. அத்தனையையும் வைத்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். நிலா, முதல் தாள் இப்படிச் சொல்கிறது, ரெண்டாம் தாள் அப்படிச் சொல்கிறது என்று பட்டியல் போட்டுவிட்டு நிறுத்துவாள். டீச்சர் எத்தனையோ விதமாகச் சொல்லியும் ஏறவில்லை.

ஒரு திங்கள்கிழமை டீச்சர் பை நிறைய வெற்றிலையோடு வந்தார். உதிரியாக மேசையில் பரப்பினார். நான் விவரம் தெரியாமல் ஃபேனைப் போட்டேன். இலை நாலாப் பக்கமும் பறந்தது. நானும் டீச்சரும் மேசைக்கடியில் பொறுக்கினதைப் பார்த்து நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். டீச்சர் எழுந்து, "இப்ப நீ எழுதுறது இப்படித்தான் இருக்கு நிலா. காத்தடிச்சா ஒண்ணும் நிக்காது" என்றார். பிறகு அவங்க அப்பா செய்கிற மாதிரி இளசைத் தனியாக, முற்றினதைத் தனியாகப் பிரித்து, அடுக்கி, வாழைநாரால் ஒரே கட்டாகக் கட்டிக் காட்டினார். "ஏழு தாளும் இலை. நீ நிரூபிக்கப் போற ஒரு வரி இருக்கில்லா, அதுதான் நார். முதல்ல நாரை எடு, பிறகு இலையைத் தொடு."

மறுநாள் அந்த அம்மா எனக்குப் போன் போட்டார்: "அண்ணாச்சி, எம் மவ வீட்டுத் தரை முழுக்கத் தாளைப் பரப்பிப் போட்டுக்கிட்டு, 'நார் எங்க, நார் எங்க'ன்னு புலம்புதா. டெக்சாஸ்ல நான் வாழைநாருக்கு எங்கன போவேன்?"

பருத்தி

ஏப்ரலில் அவங்க உள்நாட்டுச் சண்டைக் கதை. தெற்கத்தி மாநிலத்துக்காரர்கள், 'நம்ம பருத்தி இல்லாம இங்கிலாந்து மில் ஓடாது, அவன் நமக்கு உதவிக்கு வருவான்' என்று நம்பினார்களாம். "வந்தானா?" என்றேன். "வரல தாத்தா. வேற நாட்டுல பருத்தி வாங்கிட்டாங்க. எகிப்து, இந்தியா" என்றாள் நிலா. "இந்தியாவுல எங்கன?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. டீச்சர் மெதுவாகச் சிரித்தார். "பல ஊரு உண்டு. அதுல ஒண்ணு இங்கனதான் அண்ணாச்சி. நம்ம கரிசக்காட்டுப் பருத்தியும் கப்பலேறிச்சு, இதே தூத்துக்குடியில இருந்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் இறக்கினதெல்லாம் அமெரிக்காவுல இருந்து வந்த பருத்தியில்லா!" என்றேன். நிலா அதைக்கூடக் கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடுகிற சத்தமும் அவள் கத்தினதும்தான் கேட்டது: "அம்மா, உங்க ஊர் என் பரீட்சைக்குள்ள இருக்கு! ஏன் சொல்லவே இல்ல?"

ரெண்டு தேங்காய்

பரீட்சை காலை எட்டு மணிக்கு என்று சொன்னார்கள். நான் குளித்து முழுகி, சரியாகக் காலை எட்டு மணிக்கு முக்குப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டு வந்து நின்றேன். டீச்சர், "அண்ணாச்சி, அங்க இப்ப முந்தின நாள் ராத்திரி. அவ தூங்கப் போயிருப்பா" என்றார். சாயங்காலம் ஆறரைக்கு மறுபடி ஒரு தேங்காயோடு போனேன். பூசாரி விவரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காலையில உடைச்சதுதான் சரி அண்ணாச்சி. பிள்ளையாரு அம்புட்டுத் தூரம் போயிச் சேர வேண்டாமா?"

நாலு

பரீட்சை முடிந்தும் ரெண்டு நாள் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாதாம், அது அவங்க சட்டம். மூணாம் நாள் நிலா கூப்பிட்டாள். கடைசிக் கட்டுரைக்கு அந்த உள்நாட்டுச் சண்டையைத்தான் எடுத்தாளாம். பருத்தியை எழுதி, தூத்துக்குடி என்ற பேரையும் எழுதிவிட்டாளாம். டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு மார்க் வருகிற ஜூலை வரைக்கும் நாங்கள் இருந்த இருப்பு பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

வந்தது நாலு. அஞ்சுதான் உச்சம் என்று இப்போது எனக்குத் தெரியுமே! டீச்சர் முகத்தை மேனேஜர் பார்க்க, மேனேஜர் முகத்தை நான் பார்க்க, போன் அடித்தது. நான் எடுத்து, "ஒண்ணு குறைஞ்சிட்டேம்மா, மன்னிச்சிருங்க" என்றேன். போன் சத்தம் மேனேஜருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டது என் புத்திசாலித்தனம். அந்த அம்மா சொன்னது இதுதான்: "ரெண்டுல நின்னவ நாலு வாங்கியிருக்கா, மன்னிப்பு என்ன அண்ணாச்சி மன்னிப்பு? பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேரும் சரித்திரத்துக்கு வாராங்க, செல்வராணி டீச்சர்தான் வேணுமாம். டீ தாத்தாவும் கூட இருக்கணுமாம்."

மேனேஜர் அன்றைக்கே அலமாரியை மாற்றுகிற பேச்சை விட்டுவிட்டார். ஆக, தேயிலையைக் கடலில் கொட்டினவர்களுக்கு ஒரு தனி நாடு கிடைத்தது, அதையே சிந்தாமல் கிளாசில் ஊற்றிக் கொடுத்த எனக்குக் கிடைத்தது, சென்டருக்குள் இனிக் கரண்ட் கெட்டிலைத் தொடக் கூடாது என்கிற உத்தரவு.