ஐந்து மணி நடவு

வெயில் சதமடித்ததாம். டிவியில் ஒருவன் சிரித்த முகத்தோடு வாசிக்கிறான். தஞ்சாவூரில் சதம், திருச்சியில் சதம், கரூரில் சதத்துக்கு மேல். சதமடிக்க இது என்ன கிரிக்கெட்டா? அடுத்த தடவை அந்த வெயிலை மட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், நாங்களும் எழுந்து நின்று கைதட்டுகிறோம்.

நான் கோபக்காரிதான், மறைக்கவில்லை. பெயர் அறிவுமதி. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் தெருவிலிருந்து முதலில் டீச்சரானவள் நான், அரசுப் பள்ளியில் பூகோளம் எடுக்கிறேன். பூமியின் சராசரி வெப்பம் என்று கரும்பலகையில் வருஷா வருஷம் ஒரு கோடு வரைவேன். அது மேலே ஏறிக்கொண்டே போகும். 2023-ல் அதுவரை இல்லாத சூடு. 2024 அதையும் தாண்டியது. நிலம் மட்டுமல்ல, கடலும் அப்படித்தான். ஒரு வருஷத்துக்கு மேலாக, மாதாமாதம் கடல் தன் பழைய அளவையெல்லாம் மிஞ்சிக்கொண்டிருந்தது. இதற்குச் சாதனை வெப்பம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். சாதித்தது யார், அது விடிந்தது யார் தலையில் என்றெல்லாம் அந்தக் கோடு சொல்லாது. நான் சொல்கிறேன். எங்கள் தெருவில் அது செந்தாமரை அக்கா தலையில் விடிந்தது.

செந்தாமரை அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயசு. கூத்தாநல்லூர்ப் பக்கம் பிறந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த மறுவாரமே வயலில் இறங்கிவிட்டாள். புருஷன் லாரியில் மூட்டை ஏற்றப் போய், இடுப்பொடிந்து வீட்டோடு கிடக்கிறார். மகள் மாலதியை நர்சிங் படிக்க வைத்து, கட்டியும் கொடுத்துவிட்டாள், எல்லாம் நடவு நட்டும் களை எடுத்தும்தான். சேர்ந்து நடவுக்குப் போகும் எங்கள் தெருப் பெண்களின் கொத்துக்கு அவள்தான் தலைவி. எந்த வயல், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று பேசி முடிப்பது அவள் வேலை. வாய் என்றால் அப்படியொரு வாய். டீ வரத் தாமதமானால், மேற்பார்க்க வரும் காரியக்காரரை வரப்பிலேயே நிறுத்திக் கேட்பாள்: "ஏங்க, டீயை ஒரத்தநாட்டுலேர்ந்து நடத்தியே கூட்டிக்கிட்டு வர்றீங்களா?" வயலே சிரிக்கும். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள்.

நடவு பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெண்கள் எல்லாரும் ஒரே வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்பக்கமாக நகர்வார்கள். ஒவ்வொருத்திக்கும் இவ்வளவு அகலம் என்று ஒரு நிரை உண்டு. ஒருத்தி கை மந்தமானால் வரிசை அந்த இடத்தில் வளைந்துவிடும். வரப்பில் நிற்கிறவர் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும், அப்புறம் ஏச்சுதான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால், காய்ச்சலோ, மசக்கையோ, தீட்டு நாளோ, பக்கத்து நிரைக்காரிகள் இரண்டு பேரும் அவள் பங்கையும் சேர்த்து நட்டுவிடுவார்கள். அவள் நடுகிற மாதிரி குனிந்தபடி கூடவே நகர்ந்தால் போதும். கை கொடுப்பது என்று அதற்குப் பேர். பள்ளிக்கூட லீவில் நடவுக்குப் போன காலத்தில் எனக்கும் கை கொடுத்திருக்கிறார்கள். அதைப்போல ஒரு அன்பை நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

2024 ஏப்ரல் கடைசியில் ராஜ்குமார் வயலில் நடவு. அவர் தஞ்சாவூரில் குடியிருக்கிறார். இங்கே நிறைய நிலம், சொந்தமாக பம்புசெட், அதனால் ஆற்றில் தண்ணீர் விடும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே குறுவை போடுவார். காலை எட்டு மணிக்கு இறங்கி, சாயங்காலம் நாலு மணிக்கு ஏற வேண்டும். அதுதான் வழக்கம்.

அந்த வருஷத்து வெயிலை எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்து வெயில் வறண்ட வெயில் இல்லை. கடல் கொதித்து ஆவி விட்டால் அது எங்கள் காற்றில்தான் வந்து நிற்கும். வேர்வை ஊற்றும், காயாது. காயாவிட்டால் உடம்பு எப்படி ஆறும்? ராத்திரியாவது தணியும் என்றால் அதுவும் கிடையாது, தொகுப்பு வீட்டுக் கான்கிரீட் கூரை விடியும்வரை அனலைக் கக்கும். தூக்கமில்லாத உடம்போடுதான் எல்லாரும் வயலுக்கு வந்தார்கள். தண்ணீராவது குடித்தார்களா? குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க முன்பு கருவேல மறைவு இருந்தது, ரோட்டை அகலமாக்குகிறோம் என்று அதையும் வழித்துவிட்டார்கள். ஆம்பளைகள் எங்கே வேண்டுமானாலும் திரும்பி நிற்பார்கள். பொம்பளைகள் தாகத்தை அடக்கினார்கள்.

செந்தாமரை அக்காவுக்குப் பக்கத்து நிரை அம்சம். இரண்டு பேரும் ஒரே வருஷம் எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவர்கள். அன்றிலிருந்து பக்கத்துப் பக்கத்தில்தான் நட்டார்கள். உச்சிப்பொழுதுக்கு அம்சம் மெதுவாகச் சொன்னாளாம்.

"செந்தாமர, கண்ணு இருட்டிக்கிட்டு வருதுடி."

"சும்மா குனிஞ்சு நில்லு. நான் போட்டுக்கறேன்."

அம்சத்துக்கு அந்தப் பக்கத்து நிரையில் இருந்த செவ்வந்திக்கும் கண் காட்டினாள். இரண்டு பேரும் அம்சத்துக்குக் கை கொடுத்தார்கள். வரிசை துளிகூட வளையவில்லை. ரோட்டோரம் ராஜ்குமாரின் கார் என்ஜினை அணைக்காமல் ஏசியோடு நின்று பார்த்தது, திருப்தியாகத் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. வயலைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் செந்தில்குமார் வரப்பிலிருந்து பாராட்டினார். "இன்னைக்கு வரிசை நூல் பிடிச்ச மாதிரி இருக்கே!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அம்சம் முகம் குப்புறச் சேற்றில் விழுந்தாள். தூக்கப் போன செவ்வந்திக்கு அப்போதுதான் உறைத்ததாம். சேற்றுத் தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரி சுட்டதாம். அந்தத் தண்ணீரில்தான் காலையிலிருந்து நின்றிருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். இதயம் நின்றுவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அடப்பாவிகளா, யாருக்குத்தான் கடைசியில் இதயம் நிற்காது? எதனால் நின்றது? வெயிலில் செத்தவர்கள் என்று எங்கேயோ ஒரு கணக்கு எடுப்பார்களே, அதில் அம்சம் இல்லை. அவள் மாரடைப்பு. ராஜ்குமார் ஒரு ரோஜா மாலை கொடுத்தனுப்பினார்.

அம்சத்தை அடக்கம் செய்த அன்றைக்குச் சாயங்காலம் அக்கா அழவே இல்லை. கொத்துப் பெண்களையெல்லாம் அம்சம் வீட்டு வாசலில் உட்கார வைத்துப் பேசினாள்.

"இனிமே யாரும் யாருக்கும் கை கொடுக்கக் கூடாது. முடியலன்னா வாயத் தொறந்து கத்தணும். ஒருத்தி கத்துனா எல்லாரும் வரப்பேறணும். அஞ்சு மணிக்கு எறங்கி பத்து மணிக்கு ஏறிடுவோம். அப்படின்னா நடவு, இல்லன்னா இல்ல."

எல்லாரும் போன பிறகு என்னிடம் திரும்பினாள்.

"நாந்தாண்டி அவள நிக்க வச்சே கொன்னுட்டேன். விட்டிருந்தா வரிசை வளைஞ்சிருக்கும். அந்தாளு திட்டியிருப்பாரு. ரோஷத்துல வரப்பேறி உக்காந்திருப்பா. உசுரோட இருந்திருப்பா."

"நீ கொல்லலக்கா. இந்தச் சூடு தானா வந்தது இல்ல" என்று ஆரம்பித்து, கரி எரிக்கிறது, எண்ணெய் எரிக்கிறது, எந்தெந்த நாடு எவ்வளவு எரித்தது, கடல் எவ்வளவு சூட்டை விழுங்கிவிட்டு இப்போது திருப்பித் துப்புகிறது என்று பாடம் நடத்திவிட்டேன். அவள் முழுசாகக் கேட்டாள்.

"சரி, யாருன்னு ஒரு ஆளச் சொல்லு."

"அப்படி ஒரு ஆளக் கை காட்ட முடியாதுக்கா."

"ஆளே இல்லாம ஒரு கொலையா? எல்லாத்துக்கும் வசதியாப் போச்சு போ."



மறுநாள் செந்தில்குமாரிடம் போய் ஐந்து மணி நடவைச் சொன்னாள். அவர் போன் போட்டுக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஐயா ஒத்துக்கலம்மா. அரையிருட்டுல நட்டா பயிர் கோணிடுங்கறாரு. வெயில் என்ன புதுசா, சித்திரைன்னா அப்படித்தான் இருக்கும்கறாரு."

சித்திரை என்றால் அப்படித்தான் இருக்குமாம்! இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கையில் கிடைத்ததை எடுத்து வீசத் தோன்றும். அந்த ஏப்ரல், உலகம் முழுக்க அளந்து பார்த்ததில், அதுவரை வந்த ஏப்ரல் எல்லாவற்றிலும் சூடானது. அதை அவர் கார் ஏசிக்குள் உட்கார்ந்துகொண்டு அப்படித்தான் இருக்கும் என்கிறார்.

அக்கா கெஞ்சவில்லை, கொத்தை வீட்டில் உட்கார வைத்தாள். கூலி இல்லாத வீடுகளில் முணுமுணுப்பு கிளம்பியது. செவ்வந்தியின் மாமியார் தெருவில் நின்றே கேட்டாள், "செத்தவளுக்காக இருக்கறவங்க பட்டினி கெடக்கணுமா?" நல்லவேளையாகக் குத்தகைக்குப் பயிரிடும் தங்கையன் வந்தார். சின்ன வயல்தான், அவரும் கூட இறங்கி நாற்று எடுத்துப் போடுகிற மனுஷன். "எனக்கும் வெயில் சுடத்தான செய்யுது, அஞ்சு மணிக்கே வாங்க" என்றார். ஐந்து மணிக்கு இறங்கி, வெயில் உறைக்குமுன் ஏறினார்கள். பயிர் ஒன்றும் கோணவில்லை. ஆனால் அவர் வயலை வைத்து எத்தனை நாளைக்கு அடுப்பு எரியும்? அந்த ஐந்து மணி நிலைக்க வேண்டும் என்றால் ராஜ்குமார் ஒத்துக்கொண்டாக வேண்டும். அவர் ஒத்துக்கொண்டால் ஊரே ஒத்துக்கொள்ளும்.

அவர் வேனில் வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து பகலிலேயே நட்டார். அந்தப் பெண்களும் இரண்டு நாளில் ஓடிவிட்டார்கள்.

அம்சத்தின் பதினாறாம் நாள் காரியம் வருமுன்னேயே செந்தில்குமார் தெருவுக்குள் வந்தார். "ஐயா மனசு எறங்கிட்டாரும்மா. நாளைலேர்ந்து அஞ்சு மணிக்கே வாங்க. நீங்க கேட்டபடிதான்." தெருவே கலகலத்தது. செவ்வந்தியின் மாமியார்கூடச் சிரித்தாள். அக்கா முகத்தில் அத்தனை நாள் கழித்து ஒரு தெளிச்சி. எனக்குப் பள்ளி லீவு, நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

விடிந்தும் விடியாத நேரம். பிடி பிடியாகக் கட்டிய நாற்று முடிகள் வரப்பில் வரிசையாக இருந்தன. ராஜ்குமாரே வந்திருந்தார். அவருக்குப் பின்னால், முன்பு நட்ட வயல் மஞ்சளாகக் கருகிக் கிடந்தது.

"வாங்கம்மா, வாங்க" என்றார். "பாருங்க, பகல்ல நட்டது எல்லாம் வெந்துபோச்சு. விவசாய ஆபீசர் வந்து பாத்தாரு. தண்ணி கொதிக்குது, இந்தச் சூட்ட நாத்து தாங்காது, குளிர்ந்த நேரத்துல நடச் சொன்னாரு. அதான் அஞ்சு மணி. இனிமே இதான் நேரம்."

வயலில் ஒரு காலை வைத்துவிட்ட அக்கா அப்படியே நின்றாள்.

"நாத்து தாங்காதுன்னுதான் இந்த நேரமாங்கய்யா?"

"ஆமா. பின்ன?"

"அம்சம் தாங்கலன்னு வந்து கேட்டப்ப, சித்திரைன்னா அப்படித்தான் இருக்கும்னீங்களே."

அவர் புருவத்தைச் சுருக்கினார். நிஜமாகவே யோசித்தார், நடிப்பில்லை. செந்தில்குமாரைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்சமா? அது யாரு?"

செந்தில்குமார் அவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். "ஓ, அந்த விழுந்த அம்மாவா" என்றார் ராஜ்குமார். "சரி சரி. அவங்களுக்காகன்னே வச்சுக்கங்க. சீக்கிரம் எறங்குங்க, நாத்து வாடுது."

அக்கா வயலிலிருந்து காலை எடுத்தாள். வரப்பில் கிடந்த நாற்று முடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேர் நனையும்படி வாய்க்கால் தண்ணீரில் வைத்தாள். செவ்வந்தி ஓடிப்போய்க் கூட எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் வைத்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு அக்கா நிமிர்ந்தாள்.

"நாத்து மேல எனக்குக் கோவம் இல்லைங்கய்யா. யாராச்சும் வந்து நட்டுடுவாங்க, அதுவரைக்கும் வாடாது."

வரப்போடு நடந்தாள். அவள் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை, கொத்து முழுக்க அவள் பின்னால் வந்தது. நானும் வந்தேன்.

"இந்தாம்மா!" என்று பின்னாலிருந்து கத்தினார் ராஜ்குமார். "ஏ, இந்தாம்மா! உன்னைத்தான்! முன்னால போற அம்மா!"

இருபது வருஷத்துக்கு மேல் அவர் வயலில் நட்டவள். யாரும் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற செந்தில்குமாரிடம் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டது எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"அவ பேரு என்னய்யா?"