பள்ளிவாசலில் இரண்டு வயர்களும் ஓர் இடியும்

மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்றொரு மலையூர். நான் அங்கே போனது தேயிலைத் தோட்டம் பார்க்க அல்ல, ஒருவரை மாட்டிவிட. சென்ற மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.

பாலக்காட்டு மருத்துவமனை ஒன்றுக்கு அங்கே சிறு கிளினிக் உண்டு. டாக்டர் பாலக்காட்டிலிருந்தே வீடியோவில் நோயாளியைப் பார்ப்பார். இணைப்புக்கு இரண்டு வயர், இரண்டு பாதை. எவ்வளவு தகவல் போகும், எங்கே அடைபடும், ஒன்று அறுந்தால் மற்றது தாங்குமா என்று இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருளில் கணினி மாதிரி போட்டுக் கொடுத்தவன் நான். இரண்டும் சேர்ந்து செயலிழக்க அநேகமாக வாய்ப்பில்லை என்று அந்த மாதிரி காட்டியது. ஏப்ரலில் பதினோரு மதியங்கள் இரண்டும் ஒரே நிமிடத்தில் செயலிழந்தன. ஒரே வயரை இரண்டாக விற்றிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். விற்ற நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் என் பழைய மேலதிகாரி; ஒன்பது வருடத்துக்கு முன் கூட்டத்தில், "ஓசி சாஃப்ட்வேர்ல விளையாடறான்" என்று சொல்லி, என்னைப் பார்த்து எல்லாரையும் சிரிக்கவைத்தவர். மோசடி என்றே மருத்துவமனைக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்களன்று ஒப்பந்தம் ரத்தாகும். புகைப்பட ஆதாரம் மட்டும் பாக்கி.

பாலக்காட்டிலிருந்து காலை 5.30க்குப் புறப்பட்டேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு: 160 கிலோமீட்டர், மூன்று பஸ், 245 ரூபாய். உடுமலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை. 11.40க்கு மூணாறு. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், ஆட்டோ 350.

"எல்லாரும் தோட்டம் பாக்க வருவாக, நீங்க போஸ்ட்டுக் கம்பத்தப் போட்டோ புடிக்கீக!" என்று ஓட்டுநர் முருகையா சிரித்தார்.

இரண்டு மணி நேரம் அலைந்தோம். ஒரு வயர் சாலையோரம், மற்றது ஆற்றுக்கு அப்பால். எந்தக் கம்பத்திலும் சேரவில்லை. விற்றது உண்மையிலேயே இரண்டு வயர்தான்.

2.50க்கு, நான் கிளினிக்கில் நிற்கும்போது, மலைக்குப் பின்னால் இடித்தது. நர்ஸ் செல்வி எழுந்து வந்து இரண்டு வயரையும் சுவரிலிருந்து பிடுங்கினார். திரையில் டாக்டர் பாதி வார்த்தையில் மறைந்தார்.

"என்ன செய்கிறீர்கள்?" கத்தியே விட்டேன்.

"போன வருசம் இடி விழுந்து ரெண்டு மிசின் கருகிப்போச்சு சார். நீங்களா வாங்கித் தருவீக?"

"பாலக்காட்டில் யாரிடமாவது சொன்னீர்களா?"

"இடிச்சாப் புடுங்கணும்னு பச்சப்புள்ளைக்குத் தெரியும். இதப் போயி யாருகிட்டச் சொல்ல?"

மாதிரியில் மழை இருந்தது, மண்சரிவு இருந்தது. செல்வி இல்லை.

இதே வேலையாக மலைக்குப் போகிறவர்கள் கோடை மழைக் காலத்தில், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, இணைப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். புகாரை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

மூணாறு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி மருத்துவமனைக்கு மெயில் எழுதிப் புகாரைத் திரும்பப் பெற்றேன்; மாதிரியோடு நகல் என் பழைய மேலதிகாரிக்கு. பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது: "மாதிரி நன்றாக இருக்கிறது. நர்ஸையும் சேர்த்துவிடு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.