அத்தானின் முட்டியும் நூற்றிருபது டிகிரியும்

எங்கள் அத்தான் பஸ் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் ராஜா. வீட்டில் உட்கார வைத்தால் சுவரோடுகூடச் சண்டை போடுவார். அப்படிப்பட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, முட்டியில் ஆபரேஷன் முடிந்து, சோபாவில் காலை நீட்டிக் கிடந்தார். பாவம் என் அக்கா, சமையல்கட்டுவரை கட்டளை பறந்தது.

"முட்டி நூத்தி இருபது டிகிரி மடங்கணும். அப்பத்தான் வண்டி. இல்லன்னா டிப்போ ஆபீஸ்ல மேஜை வேலைதான்" என்று பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லிவிட்டார். மேஜை என்றாலே அத்தானுக்கு வேப்பங்காய்.

அந்த நேரம் பார்த்து அவர் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கோணப் பாடம். புத்தகத்தைப் பார்த்து ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அத்தான் தன் காலையே பாடமாக்கினார்.

"இந்தா பாரு, நீட்டினா நேர்கோணம், நூத்தி எண்பது. லேசா மடக்கினா விரிகோணம். நாற்காலியில ஒழுங்கா உக்காந்தா செங்கோணம், தொண்ணூறு. அதுக்கும் உள்ள போனா குறுங்கோணம்."

"செங்கோணம் காட்டுப்பா."

"அது... அடுத்த வாரம்."

மகள் தினமும் முட்டியின் பக்கவாட்டில் கோணமானியை வைத்து அளந்தாள். ஒரு சாயங்காலம் "நூத்தி இருபது!" என்று கத்தினாள். அத்தான் வாய் காதுவரை போனது. டிப்போவுக்கு ஃபோன், பக்கத்து வீடுகளுக்கு இனிப்பு, யூனிஃபார்முக்கு இஸ்திரி.

"நாற்காலியில உக்காரவே மடங்கலையே அத்தான்" என்றேன்.

"கணக்கு தெரியாதவங்க பேசக்கூடாது" என்றார். ஆழம் தெரியாமல் காலை விடுவது அவர் பிறவிக் குணம்.

கிளினிக்கில் அந்த அம்மா சிரித்தேவிட்டார். "நீட்டின கால் எங்களுக்குப் பூஜ்யம் சார். அங்கேருந்து எவ்வளவு மடங்குதுன்னுதான் பார்ப்போம். நீங்க மடக்கினது அறுபதுதான்."

அத்தான் முகம் தொங்கிப்போனது. வீட்டுக்கு வந்து, "நான் மேஜைக்கே போயிடறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த மனிதர் கத்தினால் தாங்கலாம், அடங்கினால் தாங்க முடியாது.

மகள்தான் விடவில்லை. "கோணமானியில ரெண்டு வரிசை நம்பர் இருக்குப்பா. எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கிறோமோ அந்த வரிசையைப் படிக்கணும்னு டீச்சர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நாம எதிர்ப்பக்கத்துலேருந்து படிச்சிட்டோம். எழுந்திரு, மடக்கு."

அதற்குப் பிறகு அவள் வைத்ததுதான் சட்டம். அவர் வலியில் போட்ட கூச்சலுக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. "இன்னும் செங்கோணமே வரல, சும்மா கத்தாதே" என்பாள். செங்கோணம் வந்த அன்று கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். மறுநாளே மறுபடியும் விரட்டினாள்.

கடைசியாக ஒரு நாள் காலையில், கிளினிக்கில் அந்த அம்மா தன் கருவியை வைத்துப் பார்த்து, "நூத்தி இருபது சார். வண்டி எடுக்கலாம்" என்றார்.

அத்தான் அசையவில்லை. மகளைப் பார்த்தார். அவள் பையிலிருந்து கோணமானியை எடுத்து, முட்டியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, இரண்டு வரிசையையும் நிதானமாகப் படித்தாள்.

"சரியாத்தான் இருக்குப்பா."

ஆபரேஷனுக்குக்கூட அழாத மனிதர், அப்போதுதான் ஓவென்று அழுதார்.