துடைக்காத இடம்

இரண்டாயிரங்களின் நடுவில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். திருமுடிவாக்கத்துப் பட்டறைகள் டெண்டருக்குப் போடும் விலையை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது எங்கள் மென்பொருள். பூட்டு எங்களுடையதல்ல. முகம் தெரியாத யாரோ எழுதி, நிரலோடு இணையத்தில் இலவசமாக வைத்தது.

தினமும் காலையில் சர்வருக்கு ஊதுபத்தி காட்டி ரீஸ்டார்ட் செய்வோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, ஓடுகிறது, போதும். ஆயுத பூஜைக்கு மட்டும் குங்குமம் வைத்துவிட்டுத் தொடமாட்டோம். அந்த வருடம் பூஜைக்கு முன் சனி, ஞாயிறும் சேர்ந்து விடுமுறை நீண்டது; வெள்ளியன்றே குங்குமம் வைத்துவிட்டோம். சர்வர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

பூஜையன்று வீட்டிலிருந்தேன். போன். நெல் விளைந்த சொந்த நிலத்தில் ஷெட் போட்டிருந்த பட்டறைக்காரர்.

"இன்னா தம்பி, என் ரேட்டு போச்சான்னு பாத்தா, ஸ்க்ரீன்ல அதுக்குக் கீழ பக்கத்து ஷெட்டுக்காரன் ரேட்டு வந்து நிக்கிது!"

"பாக்காதீங்கண்ணா!"

"பாதி பாத்துட்டேனே. சாயங்காலம் டெண்டர மூடுறான். இப்ப ஜெயிச்சா நான் திருடன், தோத்தா முட்டாளு. பேஜார் பண்ணிட்டீங்களேப்பா!"

கூட வேலை பார்த்த குரோம்பேட்டைப் பெண்ணை அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். வந்தாள், பூட்டின் நிரலைத் திறந்து உட்கார்ந்தாள். நினைவகம் நிரம்பியதும் பழைய செய்தி இருந்த இடத்தையே புதியதற்குக் கொடுக்கிறது, துடைக்காமல். செய்தி சின்னது, இடம் பெரிது. மிச்சத்தில் முந்தையவரின் எழுத்து ஒட்டிக்கொண்டு போகிறது. தினம் ரீஸ்டார்ட் செய்ததில் நினைவகம் காலியாகி, நிரம்பியதே இல்லை. எங்கள் ஊதுபத்திப் புகைக்குள் ஓட்டை இத்தனை நாள் சௌக்கியமாக இருந்திருக்கிறது. பூட்டு உடையவில்லை. பத்திரமாகப் பூட்டி, அடுத்தவர் கையில் கொடுத்திருந்தது.

விஷயம் கேட்ட எங்கள் முதலாளி போனில் சொன்னார்: "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. கம்பெனியே போயிடும்."

"சாருக்கு சார் கம்பெனி. பக்கத்து ஷெட்டுக்காரருக்கு அவர் டெண்டர் இல்லையா? வண்டிய எடுங்க" என்றாள். கிளம்பும் முன் குங்குமத்தைப் பார்க்காமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்தாள். துடைக்கும் ஒற்றை வரியை எழுதி, பூட்டை எழுதியவர்களுக்கும் அனுப்பினாள்.

பக்கத்து ஷெட்டில் லேத்துக்கெல்லாம் பொட்டு, வாசலில் உடைத்த பூசணி. நடந்ததைச் சொன்னோம். "சரி, ரேட்ட மாத்திட்டாப் போச்சு" என்ற அந்த ஷெட்டுக்காரர் நின்றார். மானிட்டரில் மாலை. "ஆனா இன்னிக்கு இத்தத் தொடக் கூடாதே."

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, போனில் கேட்ட அதே குரல் வந்தது: "தொடுய்யா! நான் தொட்டுட்டுத்தான் மாட்டிகினு கீறேன்."

அவர் மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புது விலையைத் தட்டினார், எங்கள் கண்ணில் படாதபடி இடது கையால் திரையை மறைத்துக்கொண்டு.