அரக்கு ஒன்று, மிளகாய்ப்பழம் ஒன்று

அந்த வாரத்தை வரிசையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் திங்களில் நடந்தது எது, செவ்வாயில் நடந்தது எது என்பது இன்னும் எனக்குச் சரியாகப் பிரியவில்லை. மனைவியைக் கேட்டால் ஒன்று சொல்கிறாள், மகளைக் கேட்டால் வேறொன்று. நான் இரண்டுக்கும் தலையாட்டிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமலிலிருந்து போன் வந்தது. அது நிச்சயம். என் மாமியார் குளிக்கும் இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். மனைவி கையிலிருந்த ஊடுநூல் நாடாவைத் தறியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை. நான் சேலையின் உடலுக்கு நாடா வீசும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு வீச வேண்டும். அவள் எழுந்தால் தறி நின்றுவிடும். அன்று பாவில் இருந்தது மிளகாய்ப்பழச் சிவப்பு உடல், கருஞ்சிவப்பான அரக்குக் கரை. முக்கால் சேலை முடிந்திருந்தது.

வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “வியாழக்கிழமைய மறந்துடாதீங்க. பொண்ணோட பேப்பருங்க பத்திரம்.”

“மறக்கமாட்டேன்.”

“நீங்க மறக்கமாட்டீங்க. எதையாவது பண்ணி வைப்பீங்க.”

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. நீளம் தாண்டுவாள். அவளுடைய பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்து, அரசாங்க விளையாட்டு விடுதியில் சேர்த்தால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வியாழக்கிழமை செங்கல்பட்டு மைதானத்தில் ஆள் எடுக்கிறார்கள். பிறப்புச் சான்று அசலாக வேண்டும், மருத்துவர் கொடுக்கும் உடல்தகுதிச் சான்றும் வேண்டும். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். ஆகவே அந்த ஒரு நாள்தான்.

அவள் போக வேண்டும் என்று நான் நினைத்தேனா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. எங்களுக்கு ஒரே பிள்ளை.

திங்கட்கிழமை, மனைவிக்கு மாற்றுச் சேலையும் ஒரு தூக்குவாளியில் சோறும் எடுத்துக்கொண்டு தாமலுக்குப் பஸ் ஏறினேன். வழியில் எங்கள் பஸ்ஸைக் கடந்து ஒரு ஆம்புலன்ஸ் எங்கள் காஞ்சிபுரம் பக்கம் போனது. யாரோ, பாவம் என்று நினைத்தேன். தாமலில் இறங்கிப் போனால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்து, “அவங்க எல்லாம் உங்க ஊரு ஆஸ்பத்திரிக்குத்தான் போயிக்கினு இருக்காங்க, இப்பதான் வண்டி போச்சு. போன் பண்ணலியா உங்களுக்கு?” என்றார். போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. சோற்றோடு அடுத்த பஸ்ஸுக்காக ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நின்றேன்.

செவ்வாய் அல்லது புதன், உடல்தகுதிச் சான்றுக்காக மகளோடு மருத்துவமனைக்குப் போனேன். எனக்கு ஒரு குணம். யாரிடமும் எதையும் கேட்கமாட்டேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். வாயைத் திறந்து கேட்டால் அது தெரிந்துவிடும் என்று சின்ன வயதில் தோன்றியது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. நீளமான வரிசை ஒன்று இருந்தது. அதுதான் என்று நின்றேன். மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஜன்னல் பக்கம் போனபோது, உள்ளே இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே, “எந்தக் கண்ணு?” என்றார். திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்தை கேட்டா இன்னாப்பா?” என்றாள் வெளியே வந்து.

“போர்டு இல்லையே.”

“உன் தலைக்கு மேல இருந்துச்சி.”

சான்று மத்தியானத்துக்கு மேல்தான் கிடைத்தது. அதே நாளில் மாமியாருக்கு இடுப்பில் எலும்பு முறிந்திருக்கிறது, வியாழக்கிழமை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய இரத்தப் பரிசோதனைத் தாள், ஈசிஜி தாள், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் நகல் எடுத்துவைக்கும் வேலையும் என்னிடம் வந்தது. நகல் கடையிலேயே பட்டன் வைத்த நீல நிறக் கவர் இரண்டு வாங்கினேன். ஒன்றில் மகளுடையது, ஒன்றில் மாமியாருடையது. வீட்டுக்கு வந்து, தறியில் மிச்சம் கிடந்த நூலை எடுத்து, மகளுடைய கவருக்கு மிளகாய்ப்பழச் சிவப்பும் மாமியாருடைய கவருக்கு அரக்கும் கட்டினேன். எழுதி ஒட்டியிருக்கலாம்தான். ஆனால் நாங்கள் எதற்கும் நூல் கட்டித்தான் அடையாளம் வைப்போம். அந்த இரண்டு நிறமும் எனக்குப் பகலும் இரவும் மாதிரி.

புதன்கிழமை சாயங்காலம் மகளுக்கு ஷூ வேண்டியிருந்தது. அவளுக்கு மூத்த மாணவி ஒருத்தி வாலாஜாபாத்தில் இருந்தாள். தன் பழைய ஷூவைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். போய் வாங்கிக்கொண்டு, திரும்புவதற்கு நின்ற பஸ்ஸில் ஏறினோம். மகள் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். போன் வந்தது. மனைவியின் தம்பி. தாமலில் நிலம் வைத்திருக்கிறான். எங்கள் ஆட்கள்தான் என்றாலும் அவர்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே தறியை விட்டு நிலத்துக்குப் போய்விட்டது.

“மாமா, அக்காகிட்ட சாவி வாங்கிக்கினு வந்து உங்க வீட்லதான் இருக்கேன். அம்மா கவர எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்குப் போவணும். ரெண்டு கவர் இருக்குது.”

பஸ்ஸில் சத்தமாகப் பேசுவது எனக்கு வராது. வாயைக் கையால் மூடிக்கொண்டு, “அரக்கு நூல் கட்டினது” என்றேன்.

“செவப்புதானே?”

“இல்ல, அரக்கு.”

“சரி சரி. இன்னொண்ண பாப்பா பையிலயே போட்டுடறேன் மாமா. காலைல அவசரத்துல மறந்துடுவீங்க.”

நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் கண்டக்டர் வந்தார். பஸ் தாம்பரம் போகிறது என்று தெரிந்தது. நடு ரோட்டில் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்தோம். சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். பையைத் திறந்து பார்க்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பி, ஏழரைக்குச் செங்கல்பட்டு மைதானத்தில் இருந்தோம். மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் மகள் பைக்குள் கை விட்டுக் கவரை எடுத்தாள். அரக்கு நூல்.

எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. பட்டனைத் திறந்து தாளை எடுத்து நீட்டினாள். மேசைக்காரர் மடிப்பைப் பிரித்தார். ஈசிஜி தாள் மேசையைத் தாண்டித் தொங்கியது.

“யாருக்குமா இதயம் சரியில்ல?” என்றார் அவர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில் என் உள்ளே ஒன்று நடந்தது. அதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த நூலைப் பார்த்ததும் உடம்பில் எங்கேயோ இறுக்கிக் கட்டியிருந்தது ஒன்று தளர்ந்த மாதிரி இருந்தது. முடிந்தது, வீட்டுக்குப் போகலாம், இவள் இங்கேயே இருப்பாள். அப்படித்தான் நினைத்தேனா, அல்லது களைப்பா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உடனே மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. அந்த நீளத் தாளை மடிப்பு மடிப்பாக, பத்திரமாக, திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

“அசல் சான்று பாக்காம லிஸ்ட்ல சேக்க முடியாது” என்றார் மேசைக்காரர். “பொண்ணு தாண்டட்டும். நீங்க பதினொன்றரைக்குள்ள கொண்டாங்க. அதுக்கு மேல என் கையில இல்ல.”

போன் அடித்தது. மைத்துனன்.

“மாமா, நர்ஸம்மா கவரத் தொறந்து பாத்துட்டு, இன்னாபா உங்கம்மாவுக்குப் பதிமூணு வயசுன்னு போட்டிருக்குதுன்றாங்க. டாக்டர் ஈசிஜி கேக்கறாரு. அது இல்லாம மயக்க ஊசி போடமாட்டாங்களாம்.”

இரண்டு பேரும் வாலாஜாபாத்தில் சந்திப்பது என்று முடிவானது. அவன் பைக்கில், நான் பஸ்ஸில். ஆனால் மகளை யாரிடம் விடுவது? மரத்தடியில் ஒரு அம்மா தன் பெண்ணுக்கு டப்பாவிலிருந்து இட்லி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன். அந்த அம்மாவே நிமிர்ந்து, “இன்னாண்ணே?” என்றார்.

“என் பொண்ணு. அதோ. கொஞ்சம் பாத்துக்க முடியுமா? கவர் மாறிப்போச்சு.”

“ஒண்ணோட ரெண்டு. போயிட்டு வாங்க. இட்லி சாப்புடுவா இல்ல?”

அவ்வளவுதான். அந்த வாரத்தில் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அது. பஸ்ஸில் உட்கார்ந்து யாருக்காக ஓடுகிறேன், எதற்காக ஓடுகிறேன் என்று யோசித்தேன். ஆனால் பஸ் மெதுவாகப் போனபோதெல்லாம் கால் தானாகவே மிதித்தது, தறி மிதிக்கிற மாதிரி.

வாலாஜாபாத்தில் மைத்துனன் பைக்கை விட்டு இறங்கவில்லை. இரண்டு கவரையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான்.

“ரெண்டும் செவப்புதான் மாமா.”

“ஒண்ணு மிளகாய்ப்பழம். ஒண்ணு அரக்கு.”

“மொளகா போடறவன் நானு. எங்கிட்டயேவா? மொளகா காஞ்சா உங்க அரக்குதான்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி போங்க மாமா, பாப்பாவப் பாருங்க” என்று கிளம்பினான்.

திரும்பும் பஸ் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போனது. மைதானத்துக்குள் நான் ஓடியபோது பதினொன்று இருபது. மேசைக்காரர் சான்றை வாங்கிப் பார்த்து, ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு, “சரி” என்றார். தாண்டுவது எல்லாம் முடிந்திருந்தது. மணல் குழியை ஒருவர் பலகையால் சமன் செய்துகொண்டிருந்தார்.

மகள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஷூ பக்கத்தில் கிடந்தது.

“போடலியா?”

“பத்தலப்பா. வெறுங்கால்ல தாண்டிட்டேன்.”

“எவ்ளோ?”

“நம்ம தறிக்குழியிலேருந்து வாசப்படி வரைக்கும். அதுக்கும் மேல ஒரு முழம்.”

வீட்டில் அந்தத் தூரம் எனக்குத் தெரியும். அவ்வளவு தூரம் ஒரு பிள்ளை காற்றில் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அது நிறையவா கொஞ்சமா என்று தெரியவில்லை. அந்த நேரம் மனைவி போன் செய்து, அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், பயப்படாதீங்க என்றாள். நான்தான் அவளுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்தில் வரிசையாக உட்காரவைத்தார்கள். பெற்றோர் கயிற்றுக்கு வெளியே. ஒருவர் ஒலிபெருக்கியில் படித்தார். பெயரைப் படிக்கவில்லை. முதுகில் குத்தியிருந்த எண்களைப் படித்தார். அந்த எண்ணைக் கொடுத்தபோது நான் வாலாஜாபாத்தில் இருந்தேன். மகளோ என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முதுகு தெரியவில்லை. பதினேழு என்றார். ஒரு பெண் எழுந்தாள். நாற்பத்திரண்டு என்றார். இன்னொருத்தி. நான் ஒவ்வொரு எண்ணுக்கும் மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. எழ வேண்டும் என்று நினைத்தேனா, உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று நினைத்தேனா, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அறுபத்தொன்று என்றார். யாரும் எழவில்லை. மறுபடியும் அறுபத்தொன்று என்றார். மகள் கையைப் பின்னால் விட்டு, முதுகுத் தாளைத் தொட்டாள். பிறகு எழுந்து, திரும்பி, மேசையைப் பார்த்து நடந்தாள். அப்போதுதான் எனக்கு அந்த எண் தெரிந்தது. இட்லி அம்மா என் தோளில் தட்டி, “கூப்புடறாங்க பாருங்க, போங்கண்ணே” என்றார். அவருடைய பெண் உட்கார்ந்தே இருந்தாள்.

மேசையில் ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார்கள்.

“அனுப்ப சம்மதம்தானே?”

மகள் என்னைப் பார்க்கவில்லை. கவரிலிருந்த மிளகாய்ப்பழ நூலைக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“சம்மதம்” என்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரியவில்லை. “எங்க சார் போடணும்?” என்று கேட்டேன். காட்டினார். போட்டேன்.

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது அவள் கேட்டாள், “சந்தோஷமாப்பா?”

“ஷூவத் திருப்பிக் குடுக்கணும். வாலாஜாபாத்துல எறங்கணும்.”

“அத நான் கேக்கல.”

நின்றிருந்த பஸ்ஸின் முன்னால் வாலாஜாபாத் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்தேன். படித்துவிட்டு, படியில் நின்ற கண்டக்டரிடம், “இது வாலாஜாபாத் போவுமாப்பா?” என்று கேட்டேன்.

அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “போவுது, ஏறுப்பா” என்றார். மகள் சிரித்துக்கொண்டே எனக்கு முன்னால் ஏறினாள்.