சாவியை வாங்கிய மத்தியானம்

இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ பக்கம் கையைக் கொண்டுபோனாலே முடி பொசுங்கும், அப்படி ஒரு லாரி. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும். அதன் சொந்தக்காரர் வெள்ளிமலைக்காரர். எனக்கு அண்ணன் மாதிரி. கள்ளக்குறிச்சியில் என் டீசல் பம்ப் பட்டறைக்கு வந்து, "மேட்டுல திணறுதுடா, கொஞ்சம் ஏத்தி வுடு" என்று நச்சரிப்பார். டீசலைக் கூட்டினால் வண்டி பறக்கும். கூடவே சூடும் ஏறும். தெரிந்தேதான் கூட்டினேன். கைவேலை தெரிந்த திமிர்! ஒன்றே ஒன்று சொன்னேன்: "மிதிச்சிக்கினு வந்தா ஒடனே ஆஃப் பண்ணாதீங்கண்ணா. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும். இல்லன்னா ஆயில் நின்னு, சூட்டுல டர்போ இறுகிப் புடிச்சிக்கும், அப்பறம் வண்டி இழுக்காது." அதிலிருந்து டீக்கடையில் நின்றால்கூட அவர் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கச்சிராயபாளையம் சாலையில் புளியமரத்தை வெட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தோம். ஆமாம், நானும்தான். என் தம்பிக்குக் காலேஜில் இடம் வேண்டும். அதைக் கேட்டதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. வருகிற வண்டி எதுவானாலும் இன்ஜினை நிறுத்தி, சாவியை வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

மத்தியானம் அந்த லாரி வந்தது. பிரசவ வலியில் துடித்த மனைவியைக் கேபினில் படுக்கவைத்து, கிழங்கை இறக்கக்கூட நேரமில்லாமல், அடிவாரத்திலிருந்து ஒரே மிதியாக மிதித்து வந்திருக்கிறார்.

"பிரசவ கேசுங்க!"

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. மொதல்ல ஆஃப் பண்ணு, சாவியக் குடு" என்றார்கள் முன்னால் நின்ற எங்கள் பையன்கள்.

"குடுக்கறங்க, ரெண்டே நிமிஷம் ஓடட்டுங்க" என்று கும்பிட்டார். தப்பி ஓடப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். அவர் ஏன் கெஞ்சுகிறார் என்பது அத்தனை பேரில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். "ஆஃப் பண்ணாதீங்கடா!" என்று பின்னாலிருந்து கத்தினேன். அந்தக் கோஷத்தில் யார் காதில் விழும்? சாவி கைமாறிவிட்டது.

கேபினுக்குள் எட்டிப் பார்த்ததும் அதே பையன்கள்தான் பதறிப்போய் மரத்தை இழுத்துப் போட்டார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். வண்டி கிளம்பியது, ஆனால் டர்போ இறுகிப் பிடித்துவிட்டிருந்தது. ஒரே கரும்புகை, இழுவையே இல்லை. மாட்டு வண்டி கணக்காய் ஊர்ந்தது. ஓடிப்போய் நான் என்னத்தைச் செய்ய? வேறு வண்டிக்கு எங்கே போக? காலையிலிருந்து ஒன்றையும் ஓடவிடாமல் செய்ததே நாங்கள்தானே. ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

காரியத்துக்கு வெள்ளிமலை போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்களிடம் சொன்னார்: "இவன் வண்டிய ஏத்தி வுட்டதாலதான் அவ்ளோ தூரமாவது வந்தோம்." நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் உட்காரவைத்து, இலை போட்டு, அவரே சோறு வைத்தார்.

"சாப்புடுடா" என்றார்.

சாப்பிட்டேன்.