காத்துப்பொட்டிக்கு ஒரு நாள் லீவு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஸ்பேனர் கை நழுவி விழுந்தால் முதலில் ஸ்பேனரைத் திட்டுவேன், பிறகு அதைச் செய்தவனை, பிறகு பக்கத்தில் சும்மா நிற்பவரை. இப்படிப்பட்ட ஆளுக்குப் பொறுமை மட்டுமே தேவைப்படுகிற வேலை வாய்த்தது.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிந்தைய வருஷங்கள். திண்டிவனத்தில் குடியிருந்தேன். விழுப்புரத்தில் ஒரு சின்னக் காண்ட்ராக்ட் கம்பெனி, காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளக்கும் கருவிகளை அங்கங்கே நிறுத்தியிருந்தது. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மற்றவையெல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒலக்கூர் பக்கத்தில் ஒரு ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்து மொட்டை மாடியில் நின்ற ஒன்று மட்டும் என் உயிரை வாங்கியது.

பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு கம்பம், அதில் வெள்ளைத் தகரப் பெட்டி, அடியில் பேட்டரி, பக்கத்தில் இடுப்பு உயரத்தில் சாய்வாக ஒரு சோலார் பேனல். பெட்டிக்குள் ஒரு குட்டி விசிறி காற்றை உள்ளே இழுக்கும், சென்சார் தூசியை அளக்கும், சிம் கார்டு அந்தக் கணக்கை விழுப்புரம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஊரில் அதற்குப் பெயர் காத்துப்பொட்டி. ஊருக்கு மேற்கே கல் உடைக்கும் கிரஷர்கள் இருந்தன. ஜல்லி லாரி ஒன்று போனால் ரோட்டோர வேப்பமரம் வெள்ளையாகிவிடும்.

காத்துப்பொட்டி தினமும் விடிவதற்கு முன் செத்துப்போகும். வெயில் ஏறியதும் உயிர் வரும். பேட்டரியை மாற்றினேன், மூன்று நாள் ஓடிவிட்டு மறுபடி செத்தது. சார்ஜ் கன்ட்ரோலரை மாற்றினேன், செத்தது. வயரையெல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போட்டேன். அன்றைக்கு இன்னும் சீக்கிரமாகவே செத்தது.

முதலாளி கூப்பிட்டு விட்டார்.

"இதோ பாருய்யா, முப்பது நாள் விடாம ஓடணும். நடுவுல ஒரு நாள் அறுந்தாலும் மேல இருக்கறவங்க பொட்டிய கழட்டிக்கினு பூடுவாங்க. அதோட உன் வேலையும் அவ்ளோதான்."

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மாமனாரிடம் 'கவர்மென்ட் சம்பந்தப்பட்ட வேலை' என்று சொல்லித்தான் பெண் கட்டியிருந்தேன். வேலை போனால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்ததில் ஒரு வாரம் சோறே இறங்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் மீட்டரைப் பேனல் வயரில் மாட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற அக்கா துடைப்பத்தோடு மேலே வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா மெடல்.

"சார், கண்ணாடி மேல இம்மாம் தூசி கீதே, அத்த தொடைச்சா ஆவாதா?"

"அக்கா, இது உங்க வூட்டு ஜன்னல் இல்ல. இதுக்குன்னு படிச்சிட்டு வந்திருக்கேன். போய் வேலையப் பாருங்க."

"சரிங்க சார்" என்றவர், இடுப்பில் செருகியிருந்த ஈரத்துணியை எடுத்துப் பேனலை ஒரு இழுப்பு இழுத்தார். என் கையிலிருந்த மீட்டரில் எண் விறுவிறுவென்று ஏறியது. இன்னொரு இழுப்பு இழுத்தார், இன்னும் ஏறியது. தூசியை அளக்க வைத்த பெட்டியை அந்தத் தூசியே பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறது. படித்துவிட்டு வந்தவன் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன், துடைத்து மட்டும் பார்க்கவில்லை.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பரம்பரை நான். "முரட்டுத் துணி வேணாம்க்கா, கீறல் விழும்" என்றேன். அவர் சிரிக்காமல் தலையாட்டினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அக்கா முதலில் மாடிக்கு வந்து பேனலைத் துடைப்பார், அதற்கப்புறம்தான் கீழே கூட்டுவார். நான் கேட்டேன், அவர் செய்தார். அது அவர் வேலையா என்று நானும் யோசிக்கவில்லை, வேறு யாரும் யோசிக்கவில்லை. ஓடிய நாளுக்கு ஒரு கோடு என்று கைப்பிடிச் சுவரில் கரியால் போட்டுவைப்பார். பதினோராம் நாள் யாரோ பேனல் மேல் மல்லாட்டைக் கடலை காயப் போட்டிருந்தார்கள். அக்கா அதை அள்ளிக் கீழே தெருவில் கொட்டிவிட்டு, ஊரே கேட்கிற மாதிரி சண்டை போட்டார். இருபதாம் நாள் வாக்கில் மழை மூட்டம். பேட்டரி இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டு கிடந்தது. அக்கா மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். நான் மயிலத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். எந்தச் சாமி கேட்டதோ, வெயில் அடித்தது.

இருபத்தொன்பதாம் கோடு விழுந்த அன்று சாயந்திரம் போய்ப் பார்த்தேன். பேட்டரி நிறைந்திருந்தது. நாளைக்கு ஒரு நாள் ஓடினால் தீர்ந்தது.

"நாளைக்கு நான் வரமாட்டேன்க்கா. ஆயுத பூஜை. வேலை செய்யற சாமான் எதையும் தொடக்கூடாது. சாமி முன்னாடி வெச்சிட்டா அதுக்கு அன்னிக்கு ஓய்வு. என் மீட்டரக்கூட தொடமாட்டேன், அம்புட்டு சுத்தம்."

"அப்டியா சார்? தொட்டா தப்புங்களா?"

"பெரிய தப்பு."

வாய் சும்மா இருந்திருக்கலாம்.

பூஜையன்று மீட்டர், ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் கழுவிப் படத்துக்கு முன் அடுக்கினேன். போனும் தொழில் சாமான்தானே என்று ஆஃப் செய்து, அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். சுண்டல் தின்றுவிட்டு, பகல் முழுக்க ராஜா மாதிரி தூங்கினேன்.

விஜயதசமி காலையில் போய் மாடி ஏறினால் பெட்டிக்கு மூன்று பொட்டு. கம்பத்தில் செவ்வந்திப் பூ. பேனல் மேல் துவைத்த வெள்ளை வேட்டி ஒன்று போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தது. பெட்டியின் சுவிட்ச் ஆஃபில் இருந்தது.

அக்கா சிரித்த முகமாக நின்றிருந்தார். "எங்களுக்கு இந்தப் பூஜ கெடையாது சார். ஆனா உங்க பொட்டியாச்சே, நீங்களும் ஊர்ல இல்ல. அதான் பக்கத்து வூட்டுல கேட்டு நானே பண்ட்டேன். நேத்து முச்சூடும் ஒருத்தரயும் தொட வுடல."

"உனக்கு எதுக்கு இந்த வேலை? கூட்டச் சொன்னா கூட்ட வேண்டியதுதானே! என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!"

'ங்க' போய் 'நீ' வந்தது எனக்கே கேட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. கத்தித் தீர்த்தேன். அக்கா வேட்டியை எடுத்து மடித்தார், பேனலைத் துடைத்தார், கீழே இறங்கிப் போனார். நான் சுவிட்சைப் போட்டுவிட்டு, தூக்கு மேடைக்குப் போகிறவன் மாதிரி விழுப்புரம் பஸ் ஏறினேன்.

ஆபீஸில் முதலாளி பொரி தின்றுகொண்டிருந்தார். எதிரே கம்ப்யூட்டர். அதன் நெற்றியில் குங்குமம், தலையில் மாலை. அப்போதுதான் அதற்கு உயிர் வந்துகொண்டிருந்தது.

"சார், நேத்து ஒலக்கூர் பொட்டி..." என்று இழுத்தேன்.

"எந்தப் பொட்டியும்தான் வரல. சிஸ்டத்துக்கே பூஜ போட்டு நிறுத்திட்டேனே, எப்டி வரும்? மேலயும் லீவு. பூஜ நாள கணக்குல சேக்க வேணாம்னு சொல்ட்டாங்க. இன்னிக்கு ஓடிச்சுன்னா உனுக்கு முப்பது. ஏன்யா பேயறைஞ்சாப்ல நிக்கற? பொரி எடுத்துக்க."

"சரிங்க சார்" என்று பொரி எடுத்துக்கொண்டேன். வேலை தப்பித்தது. பொரியைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் ஒரு பொட்டலம் பொரியோடு ஒலக்கூர் பக்கம் போனேன். சுவரில் முப்பதாம் கோடு விழுந்திருந்தது. அக்கா கீழே கூட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பொட்டி தப்பிச்சிடுச்சு. ஆபீஸ்லயும் கம்ப்யூட்டர நிறுத்தித்தான் வெச்சிருந்தாங்களாம். நான்தான் அவசரப்பட்டு..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அங்க நிறுத்தினவரையும் இப்டித்தான் கத்தினீங்களா சார்?"

பொட்டலத்தை நீட்டியபடி நின்றேன். அதை வாங்கி ஜன்னலில் வைத்தார்.

"பொட்டிக்கு ஒரு நாள் ரெஸ்ட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க. கேக்கவே நல்லா இருந்துச்சி. முப்பது நாளா மாடி ஏறிக்கினு கீறேன், ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூட பாதியிலதான் போறேன். எனக்கு யாரும் அப்டி சொல்லல. பொட்டிக்காச்சும் கெடைக்கட்டுமேன்னு நெனைச்சேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் நானே பேனலைத் துடைத்தேன். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையில் பைபிளோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சார், அந்தக் கீழ் மூலையில காக்கா எச்சம் அப்டியே கீது பாருங்க. நல்லா அழுத்தித் தொடைங்க."

"சரிக்கா" என்றேன். அவர் தெருமுனை திரும்புகிறவரை துடைத்துக்கொண்டே இருந்தேன்.